எல்லைக்கல்லும் வான்குரலும்

ருவான்வெல்லையில் லயத்தார்க்கு 7 பேர்ச் காணி என்ற பேச்சு எழும்போதெல்லாம் எல்லைக்கல்லையே எண்ணுகிறேன். 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். சதுரமாயின் பக்கம் 13 மீற்றர்தான். கைப்பேசியின் செயற்கைக்கோள் கணிப்போ, மேல்வளியின் மின்படலம் அலைகளைத் தாமதிப்பதால், 5 மீற்றர் பிழைக்கக்கூடும். சமையலறையே அயல்வீட்டுக்குப் போய்விடும்!

இருப்பிடம் திட்டமாகத் தெரிந்த நிலையமொன்று தன் கணிப்பின் பிழையை அளந்து அக்கணமே ஒலிபரப்பினால், அதைக் கேட்கும் கருவி தன்னைத் திருத்திக்கொள்ளும். 2013இல் விமானங்களுக்கென அங்கீகாரம் பெற்ற இந்தியாவின் ‘ககன்’, 15 நிலையங்களில் கண்ட பிழைக்கான திருத்தத்தை வானிலிருந்தே அனுப்புகிறது. அதுவும் மீற்றர்க் கணக்கே. நம் கல்லுக்குச் சென்ரிமீற்றர் வேண்டும். ஆகவே நிலையம் அருகிலேயே வேண்டும். றப்பர் மரங்கள் வானை மறைக்கும் சரிவிலோ அதுவும் திணறும். அங்கே நில அளவையாளர் கண்ணால் குறிபார்க்கும் கருவியையே நாடவேண்டும்.