கைமாறி வரும் இத்தாலிய வண்டி

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சானமாவுக் காட்டை ஒட்டிய பகுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நின்று பாருங்கள். பெங்களூரிலிருந்து வரும் பெரிய மோட்டார் சைக்கிள்கள் முழங்கியபடி கடந்து செல்லும். அவற்றுள் இத்தாலிய டுகாட்டியும் ஒன்றாக இருக்கலாம். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் உங்கள் மகனோ தம்பியோ அதைக் கண்டு, "பழையதாக வாங்கினால் மலிவாகக் கிடைக்குமாமே!" என்று வீட்டில் பேச்சைத் தொடங்கியிருக்கலாம்.

அந்த ஆசை குற்றமன்று. ஆனால், வாங்கும் விலை வேறு. வைத்துக் காப்பாற்றும் விலை வேறு. இதைக் குடும்பம் முழுவதும் உணர்ந்த பிறகே பணத்தை எண்ண வேண்டும்.

இயந்திரத்தின் இயல்பு

டுகாட்டி நிறுவனம் 1926-இல் பொலோனியா நகரில் வானொலி உதிரிப்பாகங்கள் செய்யவே தொடங்கப்பட்டது. 1946-இல் மிதிவண்டியில் பொருத்தும் சிறு இயந்திரத்தின் மூலம் வாகனத் தொழிலுக்கு வந்தது. இன்று வேகத்தையும் நெடும்பயண வசதியையும் இணைத்த வண்டிகளையும் செய்கிறது. 2017-இல் இந்தியாவில் அறிமுகமான சூப்பர்ஸ்போர்ட் அத்தகையது. 937 சி.சி. இயந்திரம், அன்றைய விலையே சுமார் 12 இலட்சம் ரூபாய்.

சாதாரண வண்டியில் வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். டுகாட்டியின் இவ்வகை இயந்திரங்களிலோ மூடுவதற்கும் தனிக் கேம் உண்டு. ஆகவே திறக்கும் இடைவெளி, மூடும் இடைவெளி இரண்டையும் அளந்து சரிசெய்ய வேண்டும். சூப்பர்ஸ்போர்ட்டில் இது 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் பெரிய வேலை. கேமை இயக்கும் ரப்பர் பெல்ட், ஓடாமல் நின்றாலும் வயதாகி நலியும். அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி இயந்திரமே பாழாகும். எனவே, "குறைவாகத்தான் ஓடியது" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். பெல்ட் மாற்றிய தேதிக்கு ரசீது கேளுங்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர்.

காகிதங்களே காவல்

எல்லை தாண்டி வாங்குவோர் மிகவும் ஏமாறும் இடம் இது. வண்டியின் சேஸிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். கடன் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது நீக்கப்பட்ட பிறகே பணம் கொடுங்கள். கர்நாடகப் பதிவு வண்டியானால் அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். தமிழகத்தில் செலுத்த வேண்டிய சாலை வரியையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

விற்பவருக்கும் எச்சரிக்கை உண்டு. பல கைகள் மாறியும் பதிவேட்டில் பெயர் மாறாத ஒரு வாகனம் விபத்தை ஏற்படுத்தியபோது, பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. விற்றாகிவிட்டது என்று வாய்ச்சொல்லை நம்பி உறங்கியவரே இழப்பீட்டுக்குப் பதில் சொல்ல நேரும்.

ஓட்டும்போது

ஏறத்தாழ 210 கிலோ எடையுள்ள வண்டி, சிறு வண்டி ஓட்டிப் பழகிய கைக்கு உடனே அடங்காது. சானமாவுக் காட்டுப் பகுதியிலோ யானைக் கூட்டங்கள் சாலையைக் கடப்பதுண்டு. இருட்டில் வேகமாகச் செல்பவருக்கு நிறுத்த நேரம் இராது. யானையைத் தொலைவிலேயே கண்டால் நின்றுவிடுங்கள். ஹாரன் அடித்து விரட்ட முயலாதீர்கள். தலைக்கவசம் ஓட்டுபவருக்கு மட்டுமன்று, பின்னால் அமரும் மனைவிக்கும்தான்.

வண்டி வாங்கும் பணத்துடன் ஓராண்டுப் பராமரிப்புச் செலவும் கையில் இருக்கிறதா? இருந்தால் வாங்குங்கள், நிம்மதியாக ஓட்டுங்கள். இல்லையெனில் காத்திருங்கள். வாசலில் நிற்கும் அழகிய வண்டியைவிட, மாலையில் பத்திரமாக வீடு திரும்பும் பிள்ளையே அந்த வீட்டுக்கு அழகு.