முன்பாக்கியோடு பிறந்த குடியரசு

பொய்லா பைசாக் அன்று விடியற்காலையில் நம் காளிகாட் கோயில் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சிவப்புத் துணி அட்டை போட்ட புதுப் பேரேட்டைக் கையில் ஏந்தி வங்காள வியாபாரிகள் வரிசையில் நிற்பார்கள். இதற்கு ஹால்காதா என்று பெயர். பேரேடு புதுசுதான், ஆனால் பழைய பாக்கியைக் கொண்டுவந்து எழுதாமல் கணக்கு தொடங்காது. நாடுகளுக்கும் இதே விதிதான். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் பிறந்த வைமார் குடியரசு இதற்கு நல்ல உதாரணம்.

1914-இல் எம்டன் கப்பல் வந்து சென்னையில் குண்டு போட்டதே, அதை அனுப்பிய ஜெர்மனியில் அன்று மன்னராட்சி. போர்ச் செலவுக்குப் போதிய வரி போடாமல், ஒன்பது தடவை போர்க்கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டினார்கள். ஜெயித்ததும் தோற்றவன் தலையில் கட்டிவிடலாம் என்பது நினைப்பு. நடந்ததோ வேறு. 1918 செப்டம்பர் கடைசியில், உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று வற்புறுத்தியவர்கள் தளபதிகளான ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும்தான். நவம்பர் 9-இல் குடியரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள் மன்னர் ஹாலந்துக்குப் போய்விட்டார். 11-ஆம் தேதி போர்நிறுத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிக் கையெழுத்திட்டவர் எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. கடன் வாங்கியவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் வேறொருவர்!

1919 ஜனவரித் தேர்தலில் பெண்களும் வாக்களித்தார்கள். பெர்லினில் கலவரமாக இருந்ததால் சபை வைமார் நகரில் கூடியது. பெயர்க் காரணம் அதுவே. சேணம் தைக்கும் தொழிலாளியாக இருந்த ஏபர்ட் குடியரசுத் தலைவரானார். ஆனால் அந்த நவம்பரிலேயே ஹிண்டன்பர்க் விசாரணைக் குழுவின் முன், படையை முதுகில் குத்திவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார். ஜனங்களில் பலர் நம்பினார்கள். 1921-இல் எர்ஸ்பெர்கரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அதே 1921-இல் நட்டஈடு 13,200 கோடி பொன் மார்க் என்று தீர்மானமாயிற்று. 1923-இல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பகுதியில் புகுந்தன. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருக்குக் கூலி கொடுக்க அரசு நோட்டாக அடித்துத் தள்ளியது. போருக்கு முன் 4.2 மார்க்காக இருந்த ஒரு டாலர், 1923 நவம்பரில் 4.2 இலட்சம் கோடி மார்க்! ஜெர்மன் மொழியில் ஏராளமாக விற்ற நம் தாகூரின் நூல்களுக்குச் சேர வேண்டிய பணமும் இதில் கரைந்தது. போர்க்கடன் பத்திரம் வாங்கிய நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பும் காற்றில் போயிற்று. அந்தக் கடனை வாங்கியது மன்னராட்சி. பழி விழுந்தது குடியரசின் மேல்.

குடியரசின் மீதும் பிழை உண்டு. 1918 டிசம்பரில் திரும்பி வந்த வீரர்களை வரவேற்ற ஏபர்ட், எந்த எதிரியும் உங்களை வெல்லவில்லை என்ற பொருளில் பேசினார். மனம் நோகக்கூடாது என்று நினைத்திருக்கலாம். ஆனால் பழைய பாக்கியைப் பழைய முதலாளி பெயரில் எழுத வேண்டிய நாளில் எழுதாமல் விட்டுவிட்டார். பிறகு யார் கேட்பார்கள்? 1925-இல் அதே ஹிண்டன்பர்க்கையே ஜனங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1933 ஜனவரி 30-இல் ஹிட்லரைப் பிரதமராக நியமித்தவர் அவர்தான்.

கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கிற வயதில் நான் இருக்கிறேன். சாவியைக் கொடுப்பதற்கு முன் பேரேட்டை விரித்து, இந்தக் கடன் என்னுடையது, இந்த நஷ்டம் என்னால் வந்தது என்று வாய்விட்டுச் சொல்வதாக இருக்கிறேன். கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லாமல் விட்டால் அது பிள்ளைகள் பெயரில்தான் ஏறும்.