ஒப்புதலின் இலக்கணம்: நெருக்கக் காட்சிகளும் வினா விடை வகைகளும்

சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரி மாணவர்கள் எடுத்த குறும்படம் ஒன்றின் ஒத்திகைக்குச் சென்றிருந்தோம். உரையாடல்களின் மொழியைச் செப்பனிட்டுத் தருவது நம் பணி. கதையில் காதலர் இருவர் பிரியும் இடம் வந்தது. “இங்கே அவன் உன்னைக் கட்டியணைப்பான், சரிதானே?” என்று இயக்குநரான மாணவர் கேட்டார். நாயகியாக நடித்த மாணவி சற்றே தயங்கி, “அம்மா படம் பார்க்க வருவாங்க,” என்றார். எல்லாரும் சிரித்தனர். ஒத்திகை தொடர்ந்தது; அணைப்பும் நடந்தது. மறுநாள் அம்மாணவி வரவில்லை.

முப்பது ஆண்டுகள் வினா வகையும் விடை வகையும் கற்பித்த நாம் அவ்விடத்தில்தான் அமர்ந்திருந்தோம். அம்மாணவி கூறியது ஒரு விடை என்பதை உணர வேண்டியவருள் நாமே முதல்வர். உணரத் தவறினோம். அத்தவற்றிலிருந்து கற்றதை ஆசிரியப் பெருமக்களுடனும் மாணவர்களுடனும் பகிர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெருக்கக் காட்சியும் அதற்கான பணியும்

அணைப்பு, முத்தம், படுக்கையறை நிகழ்வு, ஆடை குறைந்த தோற்றம், பாலியல் வன்முறையைச் சித்திரிக்கும் பகுதி ஆகியவற்றை நெருக்கக் காட்சி எனலாம். வாட்போர்க் காட்சியில் எந்த அடி எப்போது எங்கே விழும் என்பதை முன்கூட்டியே வகுத்துப் பயிற்சி அளிப்பது நெடுங்கால வழக்கம். நெருக்கக் காட்சிகளிலோ, “இயல்பாக நடியுங்கள்” என்ற ஒரு சொல்லோடு நடிகர்களை விட்டுவிடுவதே பெருவழக்காக இருந்தது.

அதன் விளைவுக்கு 1972இல் வெளிவந்த ‘லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்’ திரைப்படம் சான்று. படப்பிடிப்பின்போது மரியா ஷ்னைடருக்கு வயது 19. ஒரு வன்முறைக் காட்சியின் முக்கியக் கூறு அவருக்கு முன்னரே அறிவிக்கப்படவில்லை. நடிகையின் எதிர்வினையன்று, ஒரு பெண்ணின் எதிர்வினையே தமக்கு வேண்டியிருந்தது என்று இயக்குநர் பெர்த்தொலூச்சி 2013இல் கூறினார். காட்சி நடிப்பே, ஆயினும் தாம் அடைந்த இழிவு உண்மையானது என்று ஷ்னைடர் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் கூறினார்.

இந்நிலை மாறத் தொடங்கியது அண்மையில்தான். 2018இல், ‘தி டியூஸ்’ என்னும் அமெரிக்கத் தொடரின் நடிகை எமிலி மீட் விடுத்த வேண்டுகோளை ஏற்று, எச்பிஓ நிறுவனம் அலிசியா ரோடிஸ் என்பவரை நெருக்கக் காட்சி ஒருங்கிணைப்பாளராக அமர்த்தியது. அதே ஆண்டில், இத்தகைய காட்சிகள் உள்ள தன் தொடர்கள் அனைத்திற்கும் அப்பணியாளர் வேண்டும் என முடிவு செய்தது. இந்தியாவில் 2022இல் வெளிவந்த ‘கெஹ்ராயியான்’ என்னும் இந்தித் திரைப்படத்தில் நெருக்கக் காட்சி இயக்குநராக டார் கய் பணியாற்றினார்.

ஒருங்கிணைப்பாளரின் கடமைகள் பல. திரைக்கதையைப் படித்து, ஒவ்வோர் அசைவும் கதைக்கு ஏன் வேண்டும் என இயக்குநரிடம் கேட்டறிவார். நடிகர்களிடம் தனித்தனியே பேசி அவர்தம் எல்லைகளைக் குறிப்பார். அசைவுகளை நடனம்போல வகுத்துத் தருவார். மறைப்பாடைகளும் இடைத்தடுப்புகளும் உள்ளனவா எனப் பார்ப்பார். தேவையற்றோர் எவரும் இல்லாத மூடிய தளத்தில் படப்பிடிப்பு நடப்பதை உறுதி செய்வார். இவற்றுள் பெரும்பாலானவை சொல்லால் நிகழ்பவை. ஆதலின் இஃது இலக்கணத்திற்கும் உரிய பொருளாகிறது.

கேட்கும் முறை

பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாக வகுக்கிறது. “கடைக்குச் செல்கிறாயா?” என்று தாய் மகனிடம் கேட்பது ஏவல் வினா. வடிவத்தில் அது வினா, பயனில் கட்டளை.

இயக்குநர் நடிகரிடம் கேட்கும் “சரிதானே?” என்பதும் அத்தகையது. வாய்ப்பை அளிப்பவரும் பறிக்க வல்லவரும் அவரே. படப்பிடிப்புக் குழுவினர் அனைவரும் காத்திருக்கின்றனர். ‘தானே’ என்னும் ஈறு ‘ஆம்’ என்ற விடையையே எதிர்பார்க்கிறது. “தயக்கம் ஒன்றும் இல்லையே?” என்பதிலோ, தயக்கம் உண்டு என்று சொல்பவர் கேட்டவரை மறுத்தே பேச வேண்டியிருக்கிறது.

இவற்றுக்கு மாறாக, தேர்வுக்கு இடமளிக்கும் வினா வேண்டும். “இந்தப் பிரிவைக் காட்டக் கையைப் பற்றலாம், தோளில் சாயலாம், விலகியும் நிற்கலாம். உனக்கு எது இயலும்? எது வேண்டா?” என்று கேட்கும்போது, மறுப்பும் ஒரு தகவலாகவே ஏற்கப்படுகிறது. இதனைப் பலர் முன்னிலையில் கேட்டலாகாது. படப்பிடிப்பு நாளிலும் கேட்டலாகாது. முன்னதாக, தனிமையில், வேடத்தைப் பறிக்கும் அதிகாரம் இல்லாத ஒருவர் கேட்பதே நன்று.

விடையைக் கொள்ளும் முறை

விடை எட்டு வகைப்படும். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படை விடைகள். ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பு விடைகள். “ஆடுவாயா?” என்ற வினாவுக்குக் “கால் வலிக்கிறது” என்றால் உற்றது உரைத்தல், “கால் வலிக்கும்” என்றால் உறுவது கூறல்.

“அம்மா படம் பார்க்க வருவாங்க” என்பதும் உறுவது கூறலே. அம்மாணவி மறுத்தார். மூத்தோரிடமும் அதிகாரம் உடையோரிடமும் ‘மாட்டேன்’ என்று முகத்துக்கு நேரே கூறாமை நம் பண்பாட்டில் மரியாதை எனப்படுகிறது. ஆதலின் நம்மவர் மறுப்புப் பெரும்பாலும் இவ்வைந்தனுள் ஒன்றாகவே வரும். “நீங்களே சொல்லுங்க”, “வேற வழி இல்லையா?”, “பாட்டுக் காட்சி மட்டும் செய்யறேனே” என்பனவும் அத்தகையனவே. சில வேளைகளில் பேச்சே இராது. மௌனம் மட்டுமே இருக்கும். மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்னும் பழமொழி படப்பிடிப்புத் தளத்திற்கு உதவாது.

எனவே நாம் கொள்ளத்தக்க விதி இது: நெருக்கக் காட்சியில் நேர் விடை ஒன்றே ஒப்புதல். குறிப்பு விடை எதுவாயினும் அசைவை நிறுத்தி, மாற்று வழிகளை முன்வைத்து, மீண்டும் வினவ வேண்டும். நேற்றைய நேர் விடையும் இன்று மறை விடையாகலாம். அமெரிக்கத் திரை நடிகர் சங்கத்தின் ஒப்பந்தத்தில், உடல் வெளிப்பாட்டுக்கான ஒப்புதலை எழுத்தில் பெற வேண்டும். இன்னும் படமாக்கப்படாத காட்சிக்கான ஒப்புதலை நடிகர் திரும்பப் பெறலாம்.

இடக்கரடக்கலும் குழூஉக்குறியும்

அவையில் கூறத் தகாததை மறைத்துக் கூறுவது இடக்கரடக்கல். அவைக்கு அது நாகரிகம். ஒப்பந்தத்திற்கு அது கேடு. “கொஞ்சம் நெருக்கமான காட்சி” என்ற தொடரால் இயக்குநர் ஒன்றையும் நடிகர் வேறொன்றையும் எண்ண இடமுண்டு. எந்த உறுப்பு, எவ்வளவு நேரம், எந்த ஆடை, எந்தக் கோணம், யார் உடனிருப்பர் என்பவற்றை வெளிப்படையாக எழுதுதல் வேண்டும்.

இடக்கரடக்கலை நீக்கினால் பேச்சு கொச்சையாகிவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. அதற்குத் துணை புரிவது குழூஉக்குறி. தொடுகையின் அழுத்தத்தைத் தோல், தசை, எலும்பு என மூன்று நிலைகளாக வகுத்துச் சொல்லும் முறையை அமெரிக்க நாடகப் பயிற்றுநர் செல்சி பேஸ் கையாள்கிறார். “ஆசையோடு தடவு” என்பதற்கு மாறாக, “வலக்கை தோளிலிருந்து முழங்கை வரை, தோல் அளவில், மூன்று எண்ணிக்கை” என்பது கூச்சம் தராத சொல். மறுநாளும் மாறாமல் நடிக்கத் தக்க சொல். நடிப்பை உடனே நிறுத்த வேண்டின் ‘பட்டன்’ என்று சொல்வதும் அவர் பயிற்றுவிக்கும் வழக்கம். காரணம் கூறத் தேவையில்லை. நம் மாணவர் தமக்கு ஏற்ற தமிழ்ச் சொல் ஒன்றைத் தாமே தேர்ந்துகொள்ளலாம்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

பள்ளி நாடகமும் மாணவர் குறும்படமும் பெருகியுள்ள காலம் இது. கைப்பற்றலும் தோள் தொடலும் கூடச் சிலருக்கு எல்லை மீறலே. வினா விடை வகைகளைத் தேர்வுக்காக மட்டும் கற்பிக்காமல், ஒத்திகைக்கு முன் ஒரு பயிற்சியாகவும் ஆசிரியர்கள் கையாளலாம். ஒரு மாணவர் ஏவல் வினாவாகக் கேட்கட்டும். மற்றவர் ஐந்து குறிப்பு விடைகளாலும் மறுக்கட்டும். மூன்றாமவர் அம்மறுப்பைக் கண்டறியட்டும். ஒரு பாடவேளையே இதற்குப் போதும்.

அன்று அம்மாணவி விடை கூறியபின், “அப்படியானால் வேறு விதமாக எடுப்போம், உனக்கு எது இயலும்?” என்று எவரேனும் கேட்டிருக்கலாம். நாம் கேட்டிருக்கலாம். இப்போது எந்த ஒத்திகைக்கு நம்மை அழைத்தாலும், உரையாடலைத் திருத்தும் முன் அவ்வினா கேட்கப்பட்டதா என்றே முதலில் விசாரிக்கிறோம்.