சிஎஸ்கே ஷேர் வாங்கலாமா?

ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ல வரும்போது ஆபீஸ் தம்பி கேட்டான்: "அண்ணே, போனஸ் வந்துருக்கு. மொத்தத்தையும் சிஎஸ்கே ஷேர்ல போட்டுடவா?"

அந்த டீமோட கதையக் கொஞ்சம் பாத்துருவோம். 2008-ல இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு ஏலத்துல எடுத்துச்சு. அப்புறம் டீமைத் தனி கம்பெனியா பிரிச்சு, சிமெண்ட் ஷேர் வச்சிருந்தவங்களுக்கு அந்த ஷேரையும் கொடுத்தாங்க. சிமெண்ட் வாங்கினவங்க கையில கிரிக்கெட்! சூதாட்ட விவகாரத்துல 2016, 2017 ரெண்டு சீசன் தடை. 2018-ல திரும்பி வந்ததும் கப். 2024 கடைசியில சிமெண்ட் கம்பெனி அல்ட்ராடெக் கைக்குப் போச்சு, டீம் போகல. (நம்ம ஊர் டிஎன்பிஎல் டீம் இதுக்குள்ள ரூபி திருச்சி வாரியர்ஸ், பால்சி திருச்சி, திருச்சி கிராண்ட் சோழாஸ்னு மூணு போர்டு மாத்திடுச்சு.)

ஆனா சிஎஸ்கே இன்னும் லிஸ்ட் ஆகாத ஷேர். புரோக்கர் சொல்றதுதான் விலை. விக்கணும்னா வாங்க ஆள் கிடைக்கணும். 24 மாசத்துக்குள்ள வித்தா லாபத்துக்கு உங்க ஸ்லாப்படி டாக்ஸ், தாண்டினா 12.5 சதவீதம். கப் அடிச்சா விலை ஏறும்னும் நம்பாதீங்க. வருமானத்துல பெரும்பங்கு பிசிசிஐ பிரிச்சுக் கொடுக்குற டிவி உரிமைப் பணம். அது தோத்த டீமுக்கும் வரும்.

தம்பிகிட்ட எமர்ஜென்சி ஃபண்டே இல்ல. "முதல்ல ஆறு மாசச் செலவை எடுத்து வைடா"ன்னேன். சத்திரம் வர்றதுக்குள்ள ஜெர்சி ஆர்டர் போட்டுட்டான்.