ஆண்டுக்கொருமுறை நீளும் தடை

அயல்நாட்டுக் கொடுங்கோன்மைக்கு அமெரிக்கா தன் நாட்டில் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்வானேன்? விடை அந்நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. பிரகடனத்திற்குப் பின்னரே அயலார் சொத்தை முடக்கும் அதிகாரத்தை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது. ஆண்டுதோறும் நீட்டிக்காவிடில் பிரகடனம் தானே காலாவதியாகும் என்கிறது 1976-ஆம் ஆண்டுச் சட்டம்.

பர்மாவின் இராணுவ ஆட்சியை எதிர்த்து 1997-இல் கிளின்டன் செய்த பிரகடனம் இவ்வாறே ஆண்டாண்டாக நீண்டது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு பதவியேற்றபின், 2016-இல் ஒபாமா அதை முடித்துவைத்தார். 2021 பிப்ரவரியில் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பறித்தது. பைடன் புதிதாகப் பிரகடனம் செய்ய நேர்ந்தது.

ஆகவே நீட்டிப்பு வெறும் சடங்கன்று. "காரணம் தீர்ந்ததா?" என்று ஆண்டுதோறும் கேட்க வைப்பதே அதன் பயன். அவ்விடையை அவசரப்பட்டுச் சொல்லலாகாது என்பதற்குப் பர்மாவே சான்று.