சாமிக்கு எனாமல் அடிக்கும் முன்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்து ஊர்களில் ஏரிக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் கல் சாமிகள் வெயில் மழை பார்க்காமல் நிற்கின்றன. மூக்கு தேய்ந்திருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு பொருக்காகப் படிந்திருக்கும். சிப்காட்டில் வேலைக்குப் போய் நாலு காசு பார்க்கும் பிள்ளைகள், ஆடித் திருவிழாவுக்குள் சாமியைப் புதுசாக்கிவிட வேண்டும் என்று வசூலில் இறங்குகிறார்கள். அந்தப் பக்தியில் குறையில்லை. ஆனால் நூறு வருஷ மழை செய்யாத சேதத்தை ஒரு வாரத் திருப்பணி செய்துவிடும்.

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், ஆன்யுவே வட்டாரத்தின் சொங் காலத்துப் புத்தர் சிலைகளுக்கு 1995-இல் கிராமத்தார் காசு திரட்டிப் பளிச்சென்று வண்ணம் பூசினார்கள். 2018-இல் அந்தப் படங்கள் பரவியபோது பலரும் பதறினார்கள். பூசியவர்களும் பக்தர்கள்தான்.

எனாமல் பெயிண்ட் கல்லின் மூச்சை அடைத்துவிடும். உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட்டைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். சில நேரம் கல்லின் மேற்பரப்பும் கூடவே வரும். உடைந்த கைக்கு உள்ளே இரும்புக் கம்பி வைத்துச் சிமெண்ட் பூசினால், கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கல்லையே பிளக்கும். உப்புக்காற்று வீசும் பழவேற்காடு பக்கம் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சுத்தம் செய்ய ஆசிட், கம்பி பிரஷ் இரண்டும் வேண்டவே வேண்டாம். எல்லாவற்றிலும் கொடியது மணல் வீச்சு, அதாவது சாண்ட் பிளாஸ்டிங். அழுக்கோடு சிற்பியின் உளி நயமும் கல்வெட்டு எழுத்தும் போய்விடும், போனது திரும்பாது.

சிலைகள் தேய்வதற்கு ஆலைப்புகை மேல் பழியைப் போடுகிறவர்கள் உண்டு. அமிலம் கலந்த காற்று சுண்ணாம்புச் சுதையையும் பளிங்கையும்தான் வேகமாக அரிக்கும்; கருங்கல் அவ்வளவு எளிதில் மசியாது. கோபுரத்துச் சுதைச் சிற்பம் கருத்து உதிர்ந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் கொடுக்கலாம்.

நூறாண்டு கடந்த சிற்பம், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொன்பொருள். 'பின்னமான சிலை' என்று ஆற்றிலோ கிணற்றிலோ போட்டுவிடுவது பல ஊர்களில் வழக்கம். அப்படிப் போவது ஊரின் வரலாறு. ஏரி தூர்வாரும்போது சிலை கிடைத்தால் விஏஓவிடமோ தாசில்தாரிடமோ சொல்லி, ஆட்சியருக்குத் தகவல் போகச் செய்ய வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதை மறைப்பது குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு.

அறநிலையத் துறைக் கோயில் பழமையானது என்றால், வல்லுநர் குழு ஒப்புதல் இல்லாமல் திருப்பணி தொடங்கக் கூடாது. நாளிதழில் வந்த ஒரு வாசகர் கடிதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து, 2021 ஜூன் 7 அன்று கோயில் பாதுகாப்புக்காக 75 உத்தரவுகள் பிறப்பித்தது. ஒற்றைக் கடிதத்துக்கு அவ்வளவு வலு.

ஊரார் கையிலும் வழிகள் உண்டு. வல்லுநர் குழுவின் ஒப்புதல் நகலை ஆர்டிஐ மனு போட்டுக் கேட்கலாம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். சிலை காணாமல் போனால் உடனே உள்ளூர்க் காவல் நிலையம், அடுத்து சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு. அங்கே முதலில் கேட்பது பழைய புகைப்படத்தைத்தான். அது பெரும்பாலான ஊர்களில் இருப்பதில்லை. எனவே வசூல் நோட்டு அச்சடிக்கும் முன், ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, முன், பின், இரு பக்கம் என நான்கு படம் எடுத்து, தேதி குறித்து நாலு பேர் வீட்டில் வைத்துவிடலாம். கற்பூரத்தைச் சாமியின் மடியில் ஏற்றாமல் தட்டில் ஏற்றுவதை இன்றைக்கே தொடங்கலாம்; அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.