வழிப்பயணமும் பிள்ளைகளின் படிப்பும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், பொம்மசந்திராவைத் தாண்டியதும் வருவது சந்தாபுரா. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் சாலையோரத்தில் சிறிது நேரம் நின்று கவனிப்பவர்க்கு, ஓரிடத்தில் நிலைத்து வாழாத குடும்பங்கள் எத்தனை வகை என்பது விளங்கும். கட்டுமான வேலைக்காக வந்து, தகரக் கொட்டகைகளில் தங்கி, கட்டடம் எழுந்ததும் வேறிடம் செல்லும் குடும்பங்கள் ஒரு வகை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றல் உத்தரவு பெற்றுப் பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டு புறப்படும் உத்தியோகக் குடும்பங்கள் மற்றொரு வகை. மூன்றாவது வகை சமீப காலத்தில் தோன்றியது. கணிப்பொறியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் உத்தியோகம் பார்க்கலாம் என்ற வசதி, 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் பலருக்கு வாய்த்தது. அவர்களுள் சிலர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவி மக்களுடன் ஊர் ஊராகச் சென்று வாழ்வதையே வாழ்க்கை முறையாகக் கொண்டுவிட்டனர். பிள்ளைகளுக்குப் பெற்றோரே ஆசிரியர்.

இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை அப்படியே மொழிபெயர்த்தால் ‘வீட்டுக்கல்வி’ என்றாகும். வீடே இல்லாதவர்களின் கல்வியை வீட்டுக்கல்வி என்பது எங்ஙனம்? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் உறுத்துகிறது. இக்கட்டுரையில் ‘வழிக்கல்வி’ என்றே வழங்குவோம்.

இம்முறை நல்லதா, தீயதா என்று பொதுப்படத் தீர்ப்புக் கூறுவதில் பயனில்லை. ஊர் மாறுவதனால் மட்டும் ஒரு பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடுவதில்லை. படிப்பின் இழை அறுந்துபோவதனால்தான் கெடுகிறது. அந்த இழையை யார் கையில் பிடித்திருக்கிறார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு அதைப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது. வழியில் வளரும் பிள்ளைக்கு யார்?

நம் நாட்டில் இதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. 1873ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பூணூல் அணிந்து தலை மழித்திருந்த பதினொரு வயதுச் சிறுவனான இரவீந்திரநாத தாகூரைத் தந்தை தேவேந்திரநாதர் இமயமலைக்கு அழைத்துச் சென்றார். கல்கத்தாவில் பள்ளிக்கூடம் என்றாலே கசந்த பிள்ளை அவர். போல்பூரில் சில நாள் தங்கி, அலகாபாத், கான்பூர் வழியாக அமிர்தசரஸ் சேர்ந்து, அங்கிருந்து டல்ஹௌசி மலைக்கு ஏறினர். பல மாதங்கள் நீடித்த இப்பயணத்தைத் தாகூர் தம் நினைவுக் குறிப்புகளில் விரிவாக எழுதியிருக்கிறார்.

அதைப் படிப்பவர் முதலில் கவனிக்க வேண்டுவது, பயணம் விடுமுறையாக இருக்கவில்லை என்பதே. மலையில் விடியுமுன் குளிரில் எழுந்து வடமொழிச் சொல் உருவங்களை மனனம் செய்ய வேண்டும். பகலில் ஆங்கிலப் பாடம் உண்டு. இரவில் வானத்து விண்மீன்களைத் தந்தை சுட்டிக் காட்டுவார். பிராக்டர் எழுதிய வானநூலை அவர் எளிய சொற்களில் விளக்க, மைந்தன் அதனை வங்காளத்தில் எழுதி வைப்பான். பிற்காலத்துப் பெருங்கவிஞனின் கைக்கு அன்று அமைந்த பயிற்சி மொழிபெயர்ப்புப் பயிற்சிதான் என்பதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு!

பாடத்தைக் காட்டிலும் சிறந்தவை தந்தை ஒப்படைத்த பொறுப்புகள். சில்லறைக் காசுகளைக் கொடுத்துக் கணக்கு எழுதச் சொன்னார். கணக்கு ஒருநாளும் சரியாக வரவில்லையாம். ஒருமுறை இருப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடியே இருந்ததாம். உன்னிடம் பணம் வளர்கிறதே, உன்னையே காசாளனாக வைத்துக்கொள்ளலாம் என்று தந்தை சிரித்தாரேயன்றிச் சினக்கவில்லை. விலையுயர்ந்த தம் தங்கக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் வேலையையும் கொடுத்தார். சிறுவன் அளவு மீறிய ஆர்வத்தோடு சாவி கொடுத்ததில் கடிகாரம் பழுதாகிக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. மலைச் சரிவுகளில் கையில் ஒரு கோலுடன் தனியே திரியவும் தந்தை தடை சொல்லவில்லை. நேரம் தவறாத பாடம், தவறு செய்ய இடம் தரும் பொறுப்பு, தானே சுற்றிப் பார்க்கும் சுதந்திரம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தன. பணியாட்களும் ஓய்வும் நிறைந்த பெருஞ்செல்வர் வீடு அது என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். இன்று வண்டியில் அமர்ந்து அலுவலகப் பணியையும் முடித்துப் பிள்ளைக்குப் பாடமும் சொல்லும் தாய் தந்தையர்க்கு அந்த ஓய்வு கிடையாது.

தமிழகத்து உதாரணம் இதற்கு நேர்மாறானது. டி. கே. எஸ். சகோதரர்கள் 1918இல் தம் தந்தையோடு சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவில் சேர்ந்தபோது, அவர்களுள் ஒருவரான சண்முகம் ஆறு வயதுச் சிறுவர். அன்று முதல் ஊர் ஊராகக் கொட்டகைகளிலேயே வாழ்வு. அவர்களுக்குப் பள்ளி என்பது பாடமும் பாட்டும் வசனமும் மனனம் செய்வதே. பிழையின்றி உச்சரிக்கும் தமிழே பாடத்திட்டம். அச்சிறுவர் பின்னாளில் ஔவையார் வேடத்தால் ‘அவ்வை’ சண்முகம் எனப் பெயர் பெற்றதும், தம் நாடக வாழ்க்கையைத் தாமே நூலாக எழுதியதும் பலர் அறிந்தவை. ஆயின், மேடையில் புகழ் பெறாமற்போன பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யாரும் நூல் எழுதவில்லை. வழிக்கல்வியைப் புகழ்வோர் பெரும்பாலும் வென்றவர்களையே எடுத்துக்காட்டுவதால், இவ்விடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது.

வானொலி நேயர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து கிடைக்கிறது. அந்நாட்டின் நடுப்பகுதியில் பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று பல மைல் தொலைவில் உள்ளன. அப்பிள்ளைகளுக்காக, பறக்கும் மருத்துவர் சேவையின் ஒலிபரப்புக் கருவிகளைக் கொண்டே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 1951இல் ‘வான்வழிப் பள்ளி’ தொடங்கப்பட்டது. ஆசிரியை ஒருவர் ஒலிவாங்கியின் முன் பேச, எங்கெங்கோ இருந்த பிள்ளைகள் பதில் சொன்னார்கள். இன்று அப்பாடங்கள் இணையவழி நடைபெறுகின்றன. குரல் தொலைவிலிருந்து வந்தாலும் அது தினந்தோறும் அதே நேரத்தில் வந்தது. வீட்டில் தாயோ வேறொருவரோ அருகில் இருந்து மேற்பார்த்தார். இரண்டில் ஒன்று குறைந்திருந்தால் அம்முறை நடந்திராது.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி வழங்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. சேர்க்காத பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லி ஏற்கவுமில்லை, பெயர் சொல்லி விலக்கவுமில்லை. ஜெர்மனியில் பள்ளிக்குச் செல்வதே கட்டாயம். அமெரிக்காவிலோ எல்லா மாநிலங்களிலும் வீட்டில் கற்பிக்கச் சட்டம் இடந்தருகிறது. நம் நாடு இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

தேர்வைப் பற்றிய அச்சத்தைப் போக்குவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1979இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் கீழ்ச் சிறு திட்டமாகத் தொடங்கி, 1989இல் தனி நிறுவனமாகிய இதில், 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடக்கிறது. எல்லாப் பாடங்களையும் ஒரே முறையில் எழுத வேண்டியதில்லை. தேறிய பாடங்கள் ஐந்தாண்டுக் காலம் கணக்கில் நிற்கும். பயணக் குடும்பங்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. அறிவியல் போன்ற பாடங்களுக்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. அது குறிப்பிட்ட கல்வி மையத்தில் நடப்பது. ஆதலால் பதிவு செய்யும்போதே, தேர்வு மாதங்களில் எவ்வூரில் தங்குவது என்று முடிவு செய்துகொள்வது அவசியம்.

சட்டத்தினும் தேர்வினும் கடினமானது மொழி. சந்தாபுராவிலிருந்து அத்திபெலெ எல்லையைக் கடந்து ஓசூரை அடையச் சுமார் 15 கிலோமீட்டர்தான். இந்தச் சிறு தொலைவில் பாடமொழி மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் கன்னடத்தைக் கட்டாயமாக்கியது. இரண்டும் நியாயமான சட்டங்களே. ஆயினும் ஓராண்டு அங்கும் ஓராண்டு இங்குமாக இருக்கும் பிள்ளை என்ன செய்யும்? பேச்சு எளிதில் வந்துவிடும். தெருவில் ஆடும் பிள்ளை சில மாதங்களில் கன்னடம் பேசிவிடுகிறது. எழுத்துதான் தடுமாறுகிறது. தமிழில் ஒரு ‘க’ கொண்டு எழுதிய கைக்குக் கன்னடத்தில் நான்கு எழுத்துகள் வேண்டும். நம் அபிப்பிராயம், எட்டு வயதுக்குள் ஏதேனும் ஒரு மொழியின் எழுத்து ஐயமின்றிப் படிய வேண்டும் என்பதே. வீட்டில் பேசும் மொழி எதுவோ அதுவாயின் நலம். ஓரெழுத்தில் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு இரண்டாவது எழுத்து விரைவில் கைவரும். மூன்று எழுத்துகளை அரைகுறையாகக் கற்ற பிள்ளை எதிலும் கதை வாசிக்க மாட்டாது. திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அவர்கள் ஊர்ப் பாடநூல்களைக் கொண்டு ஒடியா மொழியிலேயே கற்பித்த ஏற்பாடு இதனாலேயே பயன் தந்தது. ஊர் திரும்பும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம் அன்றோ?

வழியிலேயே கற்பிக்கத் துணிந்த பெற்றோருக்குச் சொல்லக்கூடியது அதிகமில்லை. காலையில் புறப்படுமுன் ஒன்றரை மணி நேரம் பாடத்துக்கென்று ஒதுக்கினால் சிறுவர்க்குப் போதும். கணக்கும் வாசிப்பும் அந்நேரத்தில் ஒருநாளும் தவறக் கூடாது. வரலாறும் நிலநூலும் வழியிலேயே கிடைக்கும். கணக்கு வழியில் கிடைக்காது. பின்னங்கள் தெரியாமல் விகிதத்துக்குப் போக முடியாதாகையால் அதற்குப் படிப்படியான பாடநூல் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு நாளும் படித்ததைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், பின்னர் எப்பள்ளியில் சேர்த்தாலும் ஆசிரியர் பிள்ளையின் நிலையை அறிவார். ஒத்த வயதுத் தோழமைக்கு மட்டும் நம்மிடம் மாற்று மருந்து இல்லை. அதற்காக ஓரூரில் சில மாதங்களேனும் தங்கத்தான் வேண்டும்.

விரும்பிப் புறப்பட்டவர்களுக்கு இவ்வளவும் கைகூடும். தகரக் கொட்டகைப் பிள்ளையின் நிலை வேறு. தாயும் தந்தையும் பகல் முழுவதும் வேலையில் இருக்க, மூத்த பெண் தம்பியை இடுப்பில் சுமந்து நிற்கிறாள். 1969இல் டில்லி இராஜகாட்டில் கட்டட வேலை நடந்த இடத்திலேயே குழந்தைகள் காப்பகம் தொடங்கப்பட்டது இந்நிலையைக் கண்டுதான். கர்நாடகத்தில் புலம்பெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கூடாரப் பள்ளிகள் நடத்தப்பட்டதும் இதனாலேயே. அவ்வசதி எட்டாத இடத்தில் அருகிலுள்ள அரசுப் பள்ளியே வழி. அங்கே ‘சான்றிதழ் இல்லை’ என்று பெற்றோர் தாமே தயங்கித் திரும்பிவிடுவதுண்டு. அத்தயக்கம் தேவையற்றது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. 5ஆம் பிரிவுப்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்று அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் கூடாது; கேட்டவுடன் சான்றிதழ் தருவது பழைய பள்ளித் தலைமையாசிரியரின் கடமை. இடையில் படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விட்டதை ஈடுசெய்யத் தனிப்பயிற்சி அளிக்க வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. அத்திபெலெக்கு இப்பாலும் அப்பாலும் சட்டம் ஒன்றே.